தற்காலிக ஆசிரியர்களும் முகவர் நிலைய ஆசிரியர்களும்: ஓய்வூதியத் திட்டத்தில் யாருக்கு இடம் உண்டு?

இங்கிலாந்தின் பாடசாலை ஒன்றுக்கு ஒரே நாளில் இரு பதிலாசிரியர்கள் பணிக்கு வரலாம். ஒருவர் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கணிதம் கற்பிக்கிறார். மற்றவர் அடுத்த அறையில் ஆங்கிலம் கற்பிக்கிறார். இருவரும் தகைமை பெற்றவர்கள். இருவரும் அப்பியாசக் கொப்பிகளைத் திருத்திவிட்டே மாலையில் வீடு திரும்புகின்றனர். ஆயினும் ஒருவருடைய அன்றைய உழைப்பு ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்தில் பதிவாகிறது, மற்றவருடையது பதிவாவதில்லை. சம்பளச் சீட்டில் தொழில்தருநராக எவருடைய பெயர் அச்சிடப்பட்டுள்ளது என்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

பேச்சு வழக்கில் ‘சப்ளை ரீச்சர்’ எனப்படும் பதிலாசிரியர் பணியைத் தமிழ்ப் பெண்கள் பலர் விரும்பித் தெரிவு செய்கின்றனர். பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டுவிட்டு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் வேலை செய்யவும், விடுமுறைகளில் வீட்டில் இருக்கவும் அது இடமளிக்கிறது. அன்றாட ஊதியத்தை விசாரிக்கும் அளவுக்கு ஓய்வூதியத்தைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னர் கணக்கைப் பார்க்கும்போதே இழப்பு புலப்படுகிறது. அப்போது அதனை ஈடுசெய்வது கடினம்.

ஆசிரியர் ஓய்வூதியத் திட்டம் எத்தகையது?

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய ஆசிரியர் ஓய்வூதியத் திட்டம் சட்டத்தால் நிறுவப்பட்டது. அதன் பின்னால் சந்தையில் முதலிடப்பட்ட நிதியம் எதுவும் இல்லை. ஆசிரியரும் தொழில்தருநரும் செலுத்தும் பங்களிப்புகள் அரசைச் சென்றடைகின்றன. ஓய்வூதியத்தை வழங்கும் பொறுப்பும் அரசுக்கே உரியது. 2015 ஏப்ரல் 1 முதல் இத்திட்டம் வாழ்நாள் சராசரிச் சம்பளத்தை அடிப்படையாகக் கொண்டுள்ளது. ஓர் ஆண்டில் பெற்ற சம்பளத்தில் 57இல் ஒரு பங்கு அவ்வாண்டுக்குரிய ஓய்வூதியமாகக் கணக்கில் சேரும். சேவையில் இருக்கும் காலத்தில் அத்தொகை, விலைவாசி உயர்வு வீதத்துடன் மேலும் 1.6 சதவீதம் கூட்டி, ஆண்டுதோறும் உயர்த்தப்படும். ஓய்வு பெற்ற பின்னரும் விலைவாசிக்கேற்ப அது உயரும். சந்தை வீழ்ச்சியால் குறைவதில்லை. சேவையில் இருக்கும்போது ஆசிரியர் இறக்க நேரிட்டால், முழுநேரச் சம்பளத்தின் மூன்று மடங்குக்கு நிகரான தொகை குடும்பத்தைச் சேரும்.

ஆசிரியரின் பங்களிப்பு அவருடைய சம்பளத்தைப் பொறுத்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 34,000 பவுண் வரை பெறுபவர் 7.4 சதவீதம் செலுத்துகிறார். தொழில்தருநரின் பங்களிப்பு 2024 ஏப்ரல் முதல் 28.6 சதவீதமாக உள்ளது. 2019 செப்டெம்பருக்கு முன்னர் அது 16.4 சதவீதமாகவே இருந்தது. இந்த உயர்வு பாடசாலைகளின் வரவு செலவுத் திட்டத்தை அழுத்துவதையும், நேரடி நியமனம் வழங்க நிருவாகங்கள் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாவதையும் மறுக்க இயலாது.

உள்ளூராட்சி சபையின் பாடசாலையோ அக்கடமிப் பாடசாலையோ ஓர் ஆசிரியரை நேரடியாக நியமித்தால் அவர் இத்திட்டத்துக்கு உரியவர். நியமனம் நிரந்தரமானதா, ஒரு தவணைக்கு உரியதா, மகப்பேற்று விடுப்பில் உள்ளவருக்குப் பதிலானதா, ஒரே ஒரு நாளுக்கு மட்டுமா என்பது பொருட்டன்று. பகுதிநேர ஆசிரியர் முன்னர் தாமாக விண்ணப்பித்தே சேர வேண்டியிருந்தது; 2007 ஜனவரி 1 முதல் அவர்களும் தாமாகவே சேர்க்கப்படுகின்றனர். எனவே பாடசாலையிடமிருந்து நேரடியாக நாட்சம்பளம் பெறும் பதிலாசிரியரின் சம்பளச் சீட்டில் ஆசிரியர் ஓய்வூதியக் கழிவு காணப்பட வேண்டும். காணப்படாவிட்டால் பாடசாலை அலுவலகத்திடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்பது நன்று. இவ்வாறு நேரடியாக நியமிக்கப்படும் பதிலாசிரியரின் நாட்சம்பளம், ஆண்டுச் சம்பளத்தை 195 ஆல் வகுத்துக் கணிக்கப்படுவது வழக்கம்.

குறுகிய காலச் சேவை உடையோர் அறிந்திருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. இத்திட்டத்தில் ஓய்வூதியம் பெற மொத்தமாக இரண்டு ஆண்டுத் தகுதிச் சேவை தேவை. அதற்கு முன் விலகுபவர் தமது பங்களிப்பை மீளப் பெறலாம், அல்லது வேறொரு திட்டத்துக்கு மாற்றலாம். மீளப் பெற்றுவிட்டால் அச்சேவை அழிந்துவிடும். தொழில்தருநர் செலுத்திய பங்கு ஆசிரியருக்குக் கிடைக்காது. மீண்டும் நேரடிப் பணிக்குத் திரும்பும் எண்ணம் சிறிதளவேனும் இருப்பவர் அவசரப்பட்டு அப்பணத்தை எடுக்காதிருப்பதே நல்லது. 2015க்கு முந்திய சேவை உடையவர்கள் இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களுடைய பழைய சேவை இறுதிச் சம்பளத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி ஏற்பட்டால் அந்த இணைப்பு அறுந்துவிடும். முகவர் நிலையத்தின் ஊடாக ஐந்து ஆண்டுகள் ஓயாமல் கற்பித்திருந்தாலும், இத்திட்டத்தின் கணக்கில் அது இடைவெளியாகவே கொள்ளப்படும்.

முகவர் நிலையம் ஏன் வெளியே நிற்கிறது?

ஒரு காலத்தில் பதிலாசிரியர்களை உள்ளூராட்சிக் கல்வி அதிகார சபைகளே பட்டியலிட்டு அனுப்பின. 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் நிதிப் பொறுப்பைப் பாடசாலைகளின் கையில் ஒப்படைத்தது. அதன் பின்னர் அதிகார சபைகளின் பட்டியல்கள் மெல்ல மெல்லச் சுருங்கின. தனியார் முகவர் நிலையங்கள் அவ்விடத்தை நிரப்பின. ஓய்வூதியத் திட்டமோ பாடசாலைகளையும் அதிகார சபைகளையும் தொழில்தருநராகக் கொண்டு அமைந்தது. முகவர் நிலையம் அத்திட்டத்தின் தொழில்தருநராக ஏற்கப்படாததால், அதன் ஊடாகச் செய்யப்படும் கற்பித்தல் கணக்கில் சேர்வதில்லை.

இந்நிலை ஐக்கிய இராச்சியம் முழுவதற்கும் பொதுவானதன்று. வட அயர்லாந்தில் பதிலாசிரியர்கள் பொதுப் பதிவேடு ஒன்றின் ஊடாக அழைக்கப்பட்டு, ஓய்வூதியத் திட்டத்துக்கு உரியவர்களாகவே பணியாற்றுகின்றனர். ஸ்கொட்லாந்தில் பெரும்பாலானோரை உள்ளூராட்சி சபைகள் நேரடியாக நியமிக்கின்றன. எனவே முகவர் நிலையம் இன்றிப் பதிலாசிரியரைப் பெறவே முடியாது என்ற வாதத்துக்கு வலு இல்லை.

இது குறித்து நீதிமன்றப் படியேறிய ஒருவரின் வழக்கு இங்கே விரிவாகக் குறிப்பிடத்தக்கது. டெப்ரா அலன்பி என்பவர் வட இங்கிலாந்தின் அக்ரிங்ரன் அன்ட் றொஸென்டேல் கல்லூரியில் பகுதிநேர விரிவுரையாளராக ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தங்களில் பணியாற்றினார். பகுதிநேர விரிவுரையாளருக்கும் முழுநேரத்தினருக்கு நிகரான சலுகைகள் வழங்கப்பட வேண்டும் எனச் சட்டம் மாறியதும் கல்லூரியின் செலவு உயரும் நிலை ஏற்பட்டது. 1996இல் கல்லூரி அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. முகவர் நிறுவனம் ஒன்றில் சுயதொழில் புரிபவராகப் பதிவு செய்துகொண்டால் அதே கல்லூரியில் தொடர்ந்து கற்பிக்கலாம் என்று அவருக்கும் அவருடைய சக பகுதிநேரத்தினருக்கும் கூறப்பட்டது. அவ்வாறே அவர் மீண்டும் கற்பித்தார். ஆனால் வருமானம் குறைந்தது. ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்தில் சேரும் உரிமையும் போயிற்று.

வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. 2004 ஜனவரி 13 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு இரண்டு பகுதிகளைக் கொண்டது. சம்பளத்தைப் பொறுத்தவரை, கல்லூரி நேரடியாக நியமித்த ஆண் விரிவுரையாளருடன் அவர் தம்மை ஒப்பிட முடியாது என நீதிமன்றம் கூறியது. இருவருடைய சம்பளத்தையும் தீர்மானிப்பது ஒரே மூலம் அன்று என்பதே அதற்குக் காரணம். ஓய்வூதியம் பற்றிய பகுதி வேறு திசையில் அமைந்தது. ஆசிரியர் ஓய்வூதியத் திட்டம் சட்டத்தால் வந்தது. ஆகவே குறிப்பிட்ட ஓர் ஆணைக் காட்டி ஒப்பிட வேண்டியதில்லை. தொழில் ஒப்பந்தம் உடையவரே சேரலாம் என்ற நிபந்தனையை நிறைவேற்றக்கூடிய பெண்களின் விகிதம் ஆண்களின் விகிதத்திலும் தெளிவாகக் குறைவு எனப் புள்ளிவிபரங்கள் காட்டினால், அந்நிபந்தனைக்கு நியாயமான காரணமும் இல்லாவிட்டால், அது செல்லுபடியாகாது என்று நீதிமன்றம் கூறியது. ‘சுயதொழில் புரிபவர்’ என்ற பெயர்ச்சீட்டை ஒருவர்மீது ஒட்டுவதால் மட்டும் அவர் ‘தொழிலாளர்’ என்ற பாதுகாப்பை இழந்துவிட மாட்டார் என்பதும் அத்தீர்ப்பின் ஒரு பகுதி.

கேட்பதற்கு மகிழ்ச்சியான தீர்ப்பே. ஆனால் அது வழக்காடுபவருக்கு ஒரு வழியைக் காட்டியதேயன்றி, முகவர் நிலைய ஆசிரியர்களைத் திட்டத்தில் சேர்த்துவிடவில்லை. புள்ளிவிபரம் திரட்டுவதும், நியாயமான காரணம் இல்லை என நிலைநாட்டுவதும் தனியொரு ஆசிரியரால் இலகுவில் இயலாதவை. பகுதிநேரப் பணியாளர் பல்லாயிரக்கணக்கானோர் பின்னோக்கிய ஓய்வூதிய உரிமை கோர வழிசெய்த பிரெஸ்ரன் வழக்குக்கூட ஐரோப்பிய நீதிமன்றம், பிரபுக்கள் சபை எனப் பல படிகளைக் கடந்தே 2001இல் முடிவுக்கு வந்தது. இன்றும் முகவர் நிலையச் சேவை ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்துக்குப் புறம்பானதே.

2011 ஒக்ரோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள முகவர் தொழிலாளர் ஒழுங்குவிதிகளும் இக்குறையை நீக்கவில்லை. ஒரே பாடசாலையில் ஒரே பணியில் 12 வாரங்கள் நிறைவு செய்த ஆசிரியர், நேரடியாக நியமிக்கப்பட்டவருக்கு நிகரான சம்பளத்தையும் விடுமுறை உரிமையையும் பெறுகிறார். வாரத்தில் ஒரு நாள் பணியாற்றினாலும் அது ஒரு வாரமாகவே எண்ணப்படும். பாடசாலை விடுமுறையின்போது அந்த எண்ணிக்கை நின்று, பாடசாலை தொடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அவ்விதிகளில் ‘சம்பளம்’ என்ற சொல்லின் பொருளிலிருந்து தொழில்சார் ஓய்வூதியம் வெளிப்படையாக விலக்கப்பட்டுள்ளது. பன்னிரண்டு வாரங்கள் கடந்தால் ஓய்வூதியமும் சமமாகிவிடும் என்று கருதுவோர் உண்டு, அது சரியன்று.

முகவர் நிலைய ஆசிரியருக்குக் கிடைப்பது என்ன?

அவருக்கு ஓய்வூதியமே இல்லை என்பதும் தவறு. 2008ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டத்தின் கீழ், 2012 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த தன்னியக்கச் சேர்ப்பு முறை அவருக்கும் பொருந்தும். அவருக்குச் சம்பளம் வழங்கும் முகவர் நிலையமே இங்கு தொழில்தருநராகக் கொள்ளப்படும். 22 வயதுக்கும் அரச ஓய்வூதிய வயதுக்கும் இடைப்பட்ட, ஆண்டுக்கு 10,000 பவுணுக்கு மேல் உழைப்பவரை அந்நிலையம் ஓய்வூதியத் திட்டம் ஒன்றில் சேர்த்தாக வேண்டும். பல நிலையங்கள் அரசால் நிறுவப்பட்ட ‘நெஸ்ட்’ திட்டத்தைப் பயன்படுத்துகின்றன. 6,240 பவுணுக்கும் 50,270 பவுணுக்கும் இடைப்பட்ட வருமானத்தில் குறைந்தது 8 சதவீதம் சேமிக்கப்படும். அதில் தொழில்தருநரின் பங்கு குறைந்தது 3 சதவீதம். எஞ்சிய 5 சதவீதம் வரிச் சலுகை உட்படப் பணியாளருடையது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். வாரத்தில் ஓரிரு நாட்கள் கற்பித்து ஆண்டுக்கு 12,000 பவுண் உழைக்கும் ஆசிரியை ஒருவரைக் கொள்வோம். பாடசாலை அவரை நேரடியாக நியமித்திருந்தால் அவர் 888 பவுண் செலுத்துவார். பாடசாலை 3,432 பவுண் செலுத்தும். அவ்வாண்டின் சேவைக்காக, ஓய்வு வயது முதல் ஆயுள் முழுவதும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 210 பவுண் ஓய்வூதியம் அவர் பெயரில் சேரும். இடைக்கால உயர்வுகள் இதற்கு மேலானவை. அதே ஆசிரியை முகவர் நிலையத்தின் ஊடாக உழைத்தால், 12,000 இல் 6,240ஐக் கழித்த 5,760 பவுணுக்கே கணக்கு. அவருடைய பங்கு 288 பவுண். நிலையத்தின் பங்கு 172 பவுண் 80 பென்ஸ். மொத்தம் 460 பவுண் 80 பென்ஸ் அவருடைய பெயரில் முதலிடப்படும். அதன் வளர்ச்சி சந்தையைப் பொறுத்தது. இப்படியே பத்து ஆண்டுகள் சென்றால் முதலாமவருக்கு ஆண்டுக்கு 2,100 பவுண் அளவிலான ஓய்வூதியம் உறுதியாகும். இரண்டாமவரின் கையில் 4,608 பவுணும் அதன் இலாபமும் இருக்கும். முதலாமவர் தமது சம்பளத்திலிருந்து கூடுதலாகச் செலுத்தியிருக்கிறார் என்பது உண்மை. அதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி சிறியதன்று.

சட்டம் தரும் இச்சிறு உரிமையும் சில வேளைகளில் நழுவிவிடுகிறது. பணியில் சேர்ந்ததிலிருந்து மூன்று மாதங்கள் வரை சேர்ப்பைப் பிற்போடத் தொழில்தருநருக்கு அனுமதி உண்டு. ஒவ்வொரு தவணையும் வெவ்வேறு நிலையத்துக்கு மாறும் ஆசிரியர் ஒருவர், எங்குமே சேர்க்கப்படாமல் ஆண்டுகளைக் கழித்துவிடக்கூடும். பலர் அறியாத செய்தி யாதெனில், பிற்போடப்பட்ட அக்காலத்திலும் ‘என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று எழுத்தில் கேட்கும் உரிமை பணியாளருக்கு உண்டு. கேட்டால் நிலையம் சேர்க்க வேண்டும். வருமானம் குறைந்தபட்ச எல்லையைத் தாண்டியிருந்தால் தன் பங்கையும் செலுத்த வேண்டும். ஒரு சிறு மின்னஞ்சல் இதற்குப் போதும்.

வருமான எல்லை சம்பளக் காலத்தை வைத்தே அளக்கப்படுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. வாரச் சம்பளம் பெறுபவருக்கு எல்லை 192 பவுண். ஒரு நிலையத்தின் ஊடாக ஒரு நாளும் மற்றொரு நிலையத்தின் ஊடாக ஒரு நாளும் கற்பித்து, இரண்டிடமும் தலா 150 பவுண் பெறுபவர் எவ்விடத்திலும் தாமாகச் சேர்க்கப்பட மாட்டார். அவ்விரு நாட்களையும் ஒரே நிலையத்தில் பெற்றால் சேர்க்கப்படுவார். வாரத்துக்கு 120 பவுணுக்கு மேல் பெறுபவர் கேட்டுச் சேரலாம்; நிலையமும் பங்களிக்க வேண்டும். ஆனால் 120ஐத் தாண்டும் பகுதிக்கே பங்களிப்பு என்பதால் கிடைக்கும் தொகை பவுணில் அன்றிப் பென்ஸில் அமையலாம்.

சேர்க்கப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் விலகினால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். விலகுவது அவருடைய சொந்த முடிவாகவே இருக்க வேண்டும். ‘ஓய்வூதியம் வேண்டாம் என்றால் நாட்சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம்’ என்று தொழில்தருநர் தூண்டுவது சட்டவிரோதம்.

இடையில் நிற்கும் இன்னொரு நிறுவனம்

சில முகவர் நிலையங்கள் சம்பளத்தைத் தாமே வழங்காமல் ‘அம்பிரெல்லா கொம்பனி’ எனப்படும் இடைநிலை நிறுவனம் ஒன்றிடம் ஆசிரியரை அனுப்பிவிடுகின்றன. அப்போது சட்டப்படி தொழில்தருநர் அந்த இடைநிலை நிறுவனமே. இங்கு பேசப்படும் நாள் வீதம் ஆசிரியரின் சம்பளம் அன்று. நிறுவனத்தின் கட்டணம், தொழில்தருநர் செலுத்த வேண்டிய தேசியக் காப்புறுதி, தொழில்தருநரின் ஓய்வூதியப் பங்கு ஆகியன அத்தொகையிலிருந்தே கழிக்கப்பட்டு, எஞ்சியது சம்பளமாகக் கணிக்கப்படுவது வழக்கம். பேசிய தொகைக்கும் வங்கிக்கு வந்த தொகைக்கும் இடையிலான வேறுபாட்டைக் கண்டு பலர் திகைப்பது இதனாலேயே. 2020 ஏப்ரல் 6 முதல், பதிவு செய்யும் புதிய பணியாளருக்கு முக்கிய விபரங்கள் அடங்கிய ஆவணம் ஒன்றை முகவர் நிலையம் ஒப்பந்தத்துக்கு முன்பே வழங்க வேண்டும். எவர் சம்பளம் வழங்குவார், என்னென்ன கழிக்கப்படும் என்பன அதில் இருக்கும். கையொப்பமிடுவதற்கு முன் அதைக் கேட்டு வாங்கிப் படிப்பது இன்றியமையாதது.

நேரடி நியமனத்தை நோக்கி

ஒரே பாடசாலையில் ஒரு தவணை முழுவதும் பணியாற்றுபவர், தம்மை நேரடியாகத் தற்காலிக ஒப்பந்தத்தில் எடுக்குமாறு தலைமையாசிரியரிடம் கேட்பதில் தவறில்லை. ஓய்வூதியப் பங்களிப்பு பாடசாலைக்குச் செலவுதான். ஆனால் முகவர் நிலையத்தின் இலாபப் பங்கு மிச்சமாகும். பாடசாலைகள் தயங்குவதற்கான காரணம் பெரும்பாலும் முகவர் நிலையம் கேட்கும் மாற்றுக் கட்டணமே. அக்கட்டணம் காலவரையறை அற்றதன்று. பணி தொடங்கிய நாளிலிருந்து 14 வாரங்கள், அல்லது பணி முடிந்த நாளிலிருந்து 8 வாரங்கள், இவற்றில் எது பிந்தியதோ அக்காலம் கடந்த பின்னர் அக்கட்டணத்தை அறவிட முடியாது. அக்காலத்துக்குள்ளும், கட்டணத்துக்குப் பதிலாக மேலும் சில காலம் நிலையத்தின் ஊடாகவே பணியாற்றிய பின் மாறும் தெரிவைப் பாடசாலைக்கு நிலையம் அளிக்க வேண்டும். இவ்விதியை அறிந்து பேசும் ஆசிரியருக்கு வாய்ப்புக் கூடும். ஒரு பாடசாலையில் நேரடியாகவும் மற்றொன்றில் நிலையத்தின் ஊடாகவும் பணியாற்றுவதற்கும் தடை இல்லை. நேரடிப் பணி நாட்கள் மட்டும் ஆசிரியர் திட்டத்தில் சேரும்.

வகுப்பறை உதவியாளர்களின் நிலை வேறு. பாடசாலை நேரடியாக நியமிக்கும் உதவியாளர்களும் மதியநேர மேற்பார்வையாளர்களும் உள்ளூராட்சி ஓய்வூதியத் திட்டத்துக்கு உரியவர்கள். அத்திட்டத்தில் ஆண்டுச் சம்பளத்தின் 49இல் ஒரு பங்கு ஓய்வூதியமாகச் சேரும். ஒப்பந்தம் மூன்று மாதங்களுக்குக் குறைந்ததாயின் தாமாகச் சேர்க்கப்படாதிருக்கலாம். ஆனால் கேட்டுச் சேரலாம்.

அரச ஓய்வூதியத்தை மறத்தலாகாது

இடைவிட்டுப் பணியாற்றுபவருக்கு அரச ஓய்வூதியத்திலும் ஓட்டை விழக்கூடும். புதிய அரச ஓய்வூதியத்தை முழுமையாகப் பெறப் பொதுவாக 35 ஆண்டுத் தேசியக் காப்புறுதிப் பதிவு தேவை. 10 ஆண்டுகளுக்குக் குறைந்தால் எதுவும் இல்லை. நடுவயதில் இந்நாட்டுக்கு வந்தவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் பெறுமதி மிக்கது. 2025-26 நிதியாண்டில் முழுத் தொகை வாரத்துக்கு 230 பவுண் 25 பென்ஸ். தமது பதிவை அரசின் இணையத்தளத்தில் எவரும் பார்வையிடலாம். விடுபட்ட ஆண்டுகளுக்கு, பொதுவாகக் கடந்த ஆறு ஆண்டுகள் வரை, தாமாக முன்வந்து பணம் செலுத்தி நிரப்பலாம்.

பிள்ளை நன்கொடைக்கு விண்ணப்பித்துள்ள தாய்க்கு, பிள்ளைக்கு 12 வயது ஆகும்வரை காப்புறுதிப் பதிவு இலவசமாகக் கிடைக்கும். கணவரின் வருமானம் உயர்வானது, பணம் எப்படியும் வரியாகத் திரும்பிவிடும் என்று எண்ணி விண்ணப்பிக்காமலே இருந்துவிடும் குடும்பங்கள் இப்பதிவை இழக்கின்றன. பணத்தைப் பெறாமல் விண்ணப்பத்தை மட்டும் பதிவு செய்யவும் வழி உண்டு. தாய் பணியாற்றி அதனாலேயே பதிவு பெற்றுவிட்டால், அந்த இலவசப் பதிவைப் பேரப்பிள்ளையைப் பராமரிக்கும் அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ மாற்றிக் கொடுக்கலாம். அவர் அரச ஓய்வூதிய வயதை அடையாதவராக இருத்தல் வேண்டும். தமிழ்க் குடும்பங்களுக்கு மிகப் பொருந்தும் இவ்வசதியைப் பற்றிப் போதுமானோர் அறியாதிருப்பது கவலைக்குரியது.

பதிவுகளைப் பேணுதலும் உதவி பெறுதலும்

பல பாடசாலைகளில் சிறு சிறு காலங்கள் பணியாற்றியவரின் சேவைப் பதிவில் நாட்கள் விடுபட்டுப் போவது இயல்பு. ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்தின் இணையக் கணக்கில் நுழைந்து, ஆண்டுக்கு ஒரு முறையேனும் சேவை விபரத்தைச் சம்பளச் சீட்டுகளுடன் ஒப்பிட வேண்டும். சீட்டுகளை எறிந்துவிடலாகாது, இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் அவையே சாட்சி. பழைய முகவர் நிலையங்களில் சேர்ந்த சிறுதொகைகள் மறந்துபோயிருந்தால், அரசின் ஓய்வூதியத் தேடல் சேவை அவை இருக்கும் இடத்தைக் கட்டணமின்றிக் கண்டறிய உதவும். அத்தொகைகளைத் திரட்டித் தருவதாகத் தொலைபேசியில் அழைத்துக் கூறும் அந்நியர்களிடம் எவ்விபரமும் வழங்கக் கூடாது.

நேரடியாகப் பணியாற்றியும் ஆசிரியர் திட்டத்தில் சேர்க்கப்படாதவர், முதலில் பாடசாலையிடமும் பின்னர் திட்ட நிருவாகத்திடமும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். தீர்வு கிடைக்காவிடில் ஓய்வூதிய விசாரணை அதிகாரியிடம் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். தவறு நிகழ்ந்த நாளிலிருந்து, அல்லது அதனை அறிந்த நாளிலிருந்து, மூன்று ஆண்டுகளுக்குள் அதைச் செய்வது பாதுகாப்பானது. முகவர் நிலையம் தன் கடமையைச் செய்யாவிட்டால் ஓய்வூதிய ஒழுங்குபடுத்துநரிடம் அறிவிக்கலாம். ஒப்பந்தம், 12 வார உரிமை ஆகியன பற்றிய ஆலோசனையை ஏக்காஸ் அமைப்பு 0300 123 1100 என்ற இலக்கத்தில் வழங்குகிறது. ஓய்வூதியம் குறித்த பக்கச்சார்பற்ற வழிகாட்டலை மணிஹெல்ப்பர் சேவையில் 0800 011 3797 என்ற இலக்கத்தில் பெறலாம். அழைக்கும்போது அண்மைய மூன்று சம்பளச் சீட்டுகளையும் தேசியக் காப்புறுதி இலக்கத்தையும் அருகில் வைத்திருப்பது உதவியாக இருக்கும்.